யார் யார் பார்க்கலாம்

மார்ச் 14

அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் தம்பி இங்கே வந்துவிட்டார். சிட்டுவைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, கையில் ஒரு பொம்மையோடு. அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் சிட்டு ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். ஏழு வயதுக் குழந்தை, அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? மற்ற அம்மாக்கள் சிரித்தபடி பார்த்தார்கள். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்னிடம் அவர் அதிகம் பேசவில்லை. "எங்கக்கா ஊர் முழுக்கக் கண்ணு வெச்சிருக்கு, மறந்துட்டியா? நீ பஸ் ஏறினது, அந்த நர்ஸ் உன்னைக் கட்டிப்பிடிச்சு வழியனுப்பினது, எல்லாத்தையும் பார்த்துட்டேன்" என்றார். கைப்பேசியை எடுத்துக் காட்டவும் செய்தார். அதில் நான் இருந்தேன். தோளில் பை, இடுப்பில் சிட்டு. அவளைத் தூக்கும் வயதா என்று அன்று நானே யோசித்தேன், ஆனால் கீழே விட மனம் வரவில்லை.

அவர் செம்புக்கம்பி வாங்க வெளியூர் போயிருந்த பகலில், கைப்பேசியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கிளம்பி வந்தவள் நான். சுகாதார நிலைய நர்ஸ் ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுடைய அக்கா இங்கே ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். அங்கேதான் எனக்கு வேலை. உங்கள் தம்பி நர்ஸ் வீட்டு வாசற்படியில் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் அவள் வீட்டுக்காரர் தொல்லை விட்டால் போதும் என்று இந்த ஊர்ப்பேரைச் சொல்லிவிட்டார். இங்கே வந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வாசலில் நின்று தேடியிருக்கிறார்.

பஸ் நிறுத்தத்துக் கேமரா ஊர்ச்சபையுடையது. சபைக்குத் தலைவி நீங்கள். நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் காட்டினீர்களா?

தங்கியிருந்த இடத்தை மாற்றிவிட்டேன். சிட்டுவின் பள்ளிக்கூடமும் போயிற்று. பதில் போடுவதானால் உறையின் பின்புறம் எழுதியிருக்கும் தபால் நிலையத்துக்குப் போடுங்கள். கவுண்டரில் வைத்திருப்பார்கள். சனிக்கிழமை தோறும் நானே போய்க் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி (இன்னும் காகிதத்தில் மட்டும்)


மார்ச் 21

தங்கத்துக்கு,

அண்ணி எழுதுவது. மில்லில் கரண்ட் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன், காகிதத்தில் மாவு ஒட்டியிருந்தால் உதறிவிட்டுப் படி.

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வக்கீல் குறுக்கு விசாரணை செய்கிற மாதிரி "காட்டினீர்களா" என்று கேட்கிறாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ போன மறுநாள் அவன் சபை அலுவலகத்துக்கு ஓடி வந்தான். வரி கட்ட வந்தவர்கள், பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்கள் என்று முன்கூடம் நிறைய ஆள். அத்தனை பேர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதான். "அக்கா, என் பொண்டாட்டி பிள்ளையைக் காணோம்க்கா, யாராவது கடத்திட்டுப் போயிட்டாங்களோ என்னமோ" என்றான். அம்மா போனபிறகு நான் வளர்த்த பிள்ளை அவன். அவனுடைய முதல் பால்பல் விழுந்தது என் உள்ளங்கையில். நான் என்ன, விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? கிளார்க்கைக் கூப்பிட்டு, "பார்த்துக் குடுப்பா" என்றேன். "எழுதி வாங்கிக்கவாம்மா?" என்று கேட்டான். "என் தம்பிகிட்ட என்னய்யா எழுத்து" என்று சொல்லிவிட்டு, கீழத்தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று வந்தவர்களோடு போய்விட்டேன். காட்டினது கிளார்க், பிரதி எடுத்துக் கொடுத்தது கிளார்க். நான் அந்த இடத்திலேயே இல்லை.

கேமரா வைத்தது எதற்கு என்று உனக்கே தெரியும். வயலில் ஒரு மோட்டார் மிஞ்சவில்லை, டீச்சரம்மா கழுத்துச் சங்கிலியைப் பட்டப்பகலில் அறுத்துக்கொண்டு போனான். நான் படியேறி இறங்காத ஆபீஸ் இல்லை. கம்பம் நட்ட அன்று, மருந்துக் கடை வேலை முடிந்து இருட்டில் தனியாக வரப் பயமில்லை அண்ணி என்று நீதானே சொன்னாய்? இப்போது கேமராவைப் பழிக்கிறாய்.

எனக்கும் ஒரு ஆதங்கம் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே. தெருவில் போனால் ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள், தலைவி வீட்டிலேயே ஆள் காணாமல் போச்சாமே என்று. அவனுக்கு மூக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என்னிடம் சொல்லியிருந்தால் நான் நாலு அறை விட்டுச் சரிசெய்திருக்க மாட்டேனா?

சிட்டு சாப்பிடுகிறாளா? அவளுக்குப் பால் ஆடையோடு கொடுத்தால் குடிக்கமாட்டாள், வடிகட்டிக் கொடு.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு,

என்னிடம் சொல்லியிருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னேன். இரண்டு தடவை.

முதல் தடவை உங்கள் மில்லில். நீங்கள் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். "கை நீட்டுறாரு அண்ணி" என்றேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் உங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொருமுறை சத்தமாகச் சொன்னேன். "மோட்டார் வைண்டிங் கடையில ஓட்டம் இல்ல, அந்த எரிச்சல்தான். நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றீர்கள். சணல் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே.

இரண்டாம் தடவை ஒன்றும் சொல்லவில்லை. ரவிக்கையைத் தோளில் ஒதுக்கிக் காட்டினேன். உள்ளே போய் ஒரு களிம்புக் குழாய் கொண்டுவந்து தடவிவிட்டீர்கள். உங்கள் விரல் மெத்தென்று இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணி, அந்தக் களிம்பு அதற்கு முந்தின மாதம் மருந்துக் கடையில் நானே உங்களுக்கு எடுத்துக் கொடுத்தது.

போகட்டும். இனி எழுதுவது அண்ணிக்கு இல்லை, சபைத் தலைவிக்கு.

நான் அந்த ஊரில் வரி கட்டியவள். என் படம் என் அனுமதி இல்லாமல் ஒருவர் கைப்பேசியில் இருக்கிறது. அந்தக் கேமராக்களில் பதிவாவதை யார் யார் பார்க்கலாம் என்று சபையில் என்றைக்காவது முடிவு செய்தீர்களா? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? யார் வந்து கேட்டாலும் பிரதி எடுத்துக் கொடுப்பதா? என் படம் மட்டும்தானா, தினமும் பஸ் ஏறுகிற எல்லாப் பெண்களின் படமும் இப்படி ஊர் சுற்றுகிறதா?

இதையெல்லாம் கேமராவுக்காகப் போட்ட கூட்டத்தில் கேட்டவர் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருத்தர்தான். அவரை எல்லாரும் 'தந்தி' என்று கூப்பிடுவோமே, அவர். "ரிட்டயர் ஆகியும் முத்திரை குத்துறத விடமாட்டேங்கிறாரே" என்று யாரோ சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் கடைசி வரிசையில், மடியில் தூங்குகிற சிட்டுவோடு உட்கார்ந்திருந்தேன். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

உங்களைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. நாள் முழுக்கக் கொதிக்கிற விரிப்புகளை மடித்துவிட்டு வந்தால் கோபப்படவும் தெம்பு இருப்பதில்லை. கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதுங்கள்.

சிட்டு பால் குடிக்கிறாள். வடிகட்டித்தான்.


ஏப்ரல் 10

தங்கம்,

முதலில் இதைப் படி. சனிக்கிழமை தபால் நிலையத்துக்குப் போகாதே. எந்தச் சனிக்கிழமையும் போகாதே. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அதனால்தான் இதைத் தபாலில் போடவில்லை. நர்ஸ் கையில் கொடுக்கிறேன். அவள் தன் அக்காவுக்குச் சேர்ப்பித்து, அவள் உன்னிடம் சேர்க்க வேண்டும். சனிக்கிழமைக்குள் சேர்ந்துவிட வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சபைத் தலைவிக்கு எழுதுகிறாளாம், பெரிய இவள் என்று. இரண்டு நாள் அப்படியே திரிந்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போய், தினமும் பார்க்கிற முன்கூடத்தையே வேற்றாள் மாதிரி நின்று பார்த்தேன். கேமராப் பெட்டி எங்கே இருக்கிறது தெரியுமா? கூடத்தில், சுவரில், டிவி மாதிரி. சான்றிதழுக்குக் காத்திருக்கிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். "அட, மேஸ்திரி பொண்ணு யாரு வண்டியில போகுது பாரு" என்று ஒருத்தன். பக்கத்தில் இருந்தவன் எழுந்தே நின்றுவிட்டான், நன்றாகத் தெரியட்டும் என்று. திறக்கிற ரகசிய எண்ணை கிளார்க் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டியிருக்கிறான். மறந்துவிடுமாம். இத்தனை நாளும் அந்தக் கூடத்தைத் தாண்டித்தானே என் அறைக்குப் போனேன்!

"யாரெல்லாம் பார்த்தாங்கன்னு குறிச்சு வெச்சிருக்கியாப்பா?" என்று கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தான். "எதைம்மா குறிக்கிறது? உங்க தம்பி தினமும் வருவாரு. நாற்காலி போட்டுக் குடுப்பேன். டீ வாங்கிக் குடுப்பேன். நீங்கதானேம்மா பார்த்துக் குடுன்னு சொன்னீங்க" என்றான். தினமும்! நீ போனபிறகும் தினமும் என்ன பார்க்கிறான்?

நேராக வைண்டிங் கடைக்குப் போனேன். ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"அவ படம் உன் போன்ல இருக்குதாமே. அழிச்சிடு" என்றேன்.

"தபால் ஆபீஸ்ல உனக்கு என்னக்கா வேலை?" என்றான்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பார்த்தேன். பஸ் ஸ்டாப் கேமராவுல தபால் ஆபீஸ் வாசலும் தெரியுதில்ல. முன்னெல்லாம் அந்தப் பக்கமே போகமாட்டே. இப்ப உறையைக் கையில மறைச்சுக்கிட்டுப் போறே."

கம்பியை அறுத்து நுனியைச் சுரண்டினான். அவ்வளவு நிதானம். கத்தியிருந்தால்கூட எனக்குப் பழக்கம்தான், அந்த நிதானம் எனக்குப் புதிது. உனக்குப் புதிதாக இருந்திருக்காது.

"அவளை விட்டுடுடா" என்றேன். சிரித்தான். "நீதானேக்கா எடுத்துக் குடுத்தே. இப்ப விடுங்கிறே."

மில்லுக்கு ஓடி வந்து மேசை இழுப்பைத் திறந்தேன். உன் கடிதங்கள் இருந்தன. முதல் கடிதத்தின் உறையைக் காணவில்லை, நீ தபால் நிலையத்தின் பேர் எழுதியிருந்தாயே, அது. நான் அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து எடுத்திருக்கிறான். சனிக்கிழமை என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய், படித்திருப்பான்.

அங்கிருந்து நர்ஸ் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் முதுகில் யாரோ கையை வைத்துக்கொண்டே கூட வருகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு கம்பத்தையும் நிமிர்ந்து பார்த்தேன். எல்லாம் நான் நின்று நட்டது.

நர்ஸ் கதவைப் பாதிதான் திறந்தாள். "உங்க தம்பி உட்கார்ந்திருந்த படியிலேயே நிக்கிறீங்க" என்றாள். இறங்கித் தரையில் நின்றேன். அவளும் இங்கிருந்து மாற்றல் கேட்டிருக்கிறாளாம். அவள் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது, ஊர்ப்பேரைச் சொன்ன மனுஷனோடு. நான் "பார்த்துக் குடுப்பா" என்று சொன்னது எத்தனை வீட்டுக்குள் போயிருக்கிறது பார்.

வாசலில் நின்றுதான் இதை எழுதி முடிக்கிறேன். கேட்ட கேள்விகளுக்குப் பதில் இதுதான்: யார் பார்க்கலாம் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. எத்தனை நாள் என்று முடிவு செய்யவில்லை. திறப்பு விழா ரிப்பன் எந்த நிறம் என்று மட்டும் அரை நாள் பேசினோம்.

போகாதே தங்கம்.

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணி,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது.

சனிக்கிழமை தபால் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிட்டு ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். அவர் அழுதார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். "இவ்வளவு அழறாரே, போம்மா" என்றாள் ஒரு அம்மாள். நல்லவள்தான். என் கையைப் பிடித்தார். ஆசையாகப் பிடிக்கிற மாதிரிதான் இருந்தது பார்க்கிறவர்களுக்கு. சிரித்துக்கொண்டே திருகினார். இரண்டு விரல் முறிந்துவிட்டது. சத்தம் எனக்குக் கேட்டது. மடியில் இருந்த சிட்டுவுக்கும் கேட்டிருக்கும், அப்பா முகத்தையே பார்த்தாள்.

காவலாளி வந்தார். போலீஸ் வந்தது. இப்போது அவர் இங்கே ஸ்டேஷனில்.

அங்கேயும் ஒரு கேமரா இருந்தது. போலீஸ் எழுத்தில் கேட்டார்கள். தபால் நிலைய அதிகாரி அவர்களிடம் மட்டும் கொடுத்தார். நான் பார்க்கலாமா என்று கேட்டேன். "கோர்ட்டுல காட்டுவாங்கம்மா, இப்ப யாருக்கும் காட்டக் கூடாது" என்றார். எனக்குக்கூட இல்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த மரியாதையை உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

முன்பே அடித்தார் என்பதற்குச் சாட்சி இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உங்கள் பேரைச் சொன்னேன். அவர்கள் வருவார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது.

கை வலிக்கிறது.


மே 26

தங்கத்துக்கு,

இதையும் நர்ஸின் அக்கா வழியாகத்தான் அனுப்புகிறேன். உன் இடம் எது என்று எனக்குத் தெரிய வேண்டாம். தெரியாமல் இருப்பது உனக்கு நல்லது.

இன்ஸ்பெக்டர் மில்லுக்கே வந்தார். மிஷினை நிறுத்தச் சொன்னேன். "உங்க தம்பிதானே, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "ஆமா, நான் வளர்த்தவன். அவ என்கிட்ட ரெண்டு தடவை சொன்னா. ஒரு தடவை வாயால, ஒரு தடவை தோளைக் காட்டி. நான் களிம்பு தடவினேன்" என்றேன். அவர் எழுதி முடிக்கிறவரை மில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடும்போது என் பேரின் கடைசி எழுத்து எனக்கு மறந்துபோய்விட்டது. சிரிக்காதே, நிஜமாக.

ஜாமீனில் வந்தபிறகு அவன் இந்தத் தெருப்பக்கம் வருவதில்லை. உன் பக்கமும் குழந்தை பக்கமும் போகக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. எனக்கு அக்கா யாரும் இல்லை என்று டீக்கடையில் சொன்னானாம். சொல்லட்டும். இரவு சாப்பிட்டானா என்று இன்னமும் ஒரு தடவை நினைப்பு ஓடத்தான் செய்கிறது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

சபைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். வழக்கமாக நான் பேச ஆரம்பித்தால் மைக் போதாது. அன்று மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "என் தம்பிக்குக் கேமராப் பதிவை எடுத்துக் குடுக்கச் சொன்னது நான். கிளார்க் எழுதி வாங்கவான்னு கேட்டான், நான் வேணாம்னேன். அதை வெச்சு அவன் அவளைத் தேடிப் போயி விரலை உடைச்சுட்டான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. கண்ணாடிக்கடை வைத்திருக்கிற உறுப்பினர், "குடும்ப விஷயத்தை எதுக்கும்மா கூட்டத்துல" என்று ஆரம்பித்தார். "குடும்ப விஷயத்தை நான்தான்யா ஊர்ப் பெட்டியில போட்டுப் பார்த்தேன்" என்றேன்.

தந்தி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பெட்டியை எந்த ரூமுக்கு மாத்தலாம்?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து சாயங்காலம்வரை சண்டைதான். ஆடு திருட்டுப்போனவர், எனக்குப் பார்க்க உரிமை இல்லையா என்று மேசையைத் தட்டினார். நாங்க எழுதிக் கேட்டு, நீங்க கூடிப் பேசி முடிக்கிறதுக்குள்ள ஆட்டைத் தின்னு ஏப்பம் விட்டிருப்பான் என்றார். நியாயம்தானே அதுவும்? போலீஸ் கேட்டால் அன்றைக்கே கொடுப்பது, மற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்துப் பதில் சொல்வது, கையில் பிரதி யாருக்கும் கிடையாது என்று ஒருவழியாக முடிந்தது. பெட்டி இப்போது உள்ளறையில், பூட்டி இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் தங்காது. ஒவ்வொரு கம்பத்திலும், இங்கே கேமரா இருக்கிறது, சந்தேகம் இருந்தால் இன்னாரைக் கேள் என்று பலகை. டீச்சரம்மா எழுந்து, "எங்க வீட்டு ஜன்னல் அதுல தெரியுதுன்னு எனக்கு இத்தனை நாள் யாருமே சொல்லலியே" என்றாள். சங்கிலி அறுபட்டவள், அவளுக்காகத்தான் கேமரா என்று ஊரெல்லாம் சொன்னேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேமராவைத் திருப்பியாயிற்று. தபால் ஆபீஸ் வாசலும் இப்போது தெரியாது.

கிளார்க்கை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். கூடாது என்றேன். அவன் எழுதி வாங்கவா என்று கேட்டவன். போன வாரம் என் மில்லில் ஒரு மூட்டையைக் காணோம். பழக்க தோஷத்தில் உள்ளறைக்குப் போய், "கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்றேன். எழுந்து நின்று, காகிதத்தை நீட்டி, "எழுதிக் குடுங்கம்மா, மூணு பேர்கிட்ட வைக்கிறேன்" என்றான். எழுதிக் கொடுத்தேன். மூட்டை கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். காலம் முடிகிறவரை இருங்கள் என்றார்கள். இருக்கிறேன். அடுத்த தடவை நிற்கப் போவதில்லை.

இத்தனையும் செய்து முடிக்க ஒரு பகல்தான் ஆனது, தங்கம். கத்தி, சண்டை போட்டு, டீ குடித்து, ஒரே ஒரு பகல். அந்தப் பகலைக் கம்பம் நடுவதற்கு முன்னால் செலவழித்திருக்கலாம். அதை நினைக்காத வேளை இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். களிம்பு தடவுகிற மாதிரிதான் இருக்கிறது அந்த வார்த்தையும்.

விரல் மடக்க வருகிறதா? சிட்டுவுக்கு ஒரு பாவாடைத் துணி வைத்திருக்கிறேன். அனுப்ப வழி தெரியவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பதில் எழுதக் கையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். கை இப்போது பரவாயில்லை. மோதிர விரல் மட்டும் முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரிப்பு மடிக்க அது தேவையில்லை.

கோர்ட்டில் உங்கள் வாக்குமூலத்தை வாசித்தார்கள். "தோளைக் காட்டி" என்ற இடம் வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சொல்வீர்கள் என்று நான் நம்பவில்லை அண்ணி. அதற்காக என்னை மன்னியுங்கள்.

நாங்கள் மறுபடியும் இடம் மாறிவிட்டோம். இது வேறு ஊர். நர்ஸின் அக்காவுக்கும் இனி எங்கள் விலாசம் தெரியாது. அவள்தான் அப்படிச் சொன்னாள், தன்னிடம் யாராவது உட்கார்ந்து அழுதால் தாங்கமாட்டேன் என்று. உத்தரவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் உத்தரவு கோர்ட்டில் இருக்கிறது, நான் தெருவில் நடக்கிறேன்.

இங்கேயும் எங்கள் தெருவுக்குக் கேமரா வைக்கப் போகிறார்களாம். கூட்டம் போட்டார்கள். போக வேண்டாம், கூட்டத்தில் முகம் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு போனேன். எழுந்து கேட்டேன்: பெட்டியை எங்கே வைப்பீர்கள், யார் யார் பார்க்கலாம், ஒரு புருஷன் வந்து அழுதால் என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்குச் சிலர் சிரித்தார்கள். ஒரு உறுப்பினர், கோபமாக இல்லை, சும்மா தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார். "ஏம்மா, உங்களுக்கு மறைக்கிறதுக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க. என் வீட்டு வாசல்" என்றேன்.

அவர் பேனாவை மூடித் திறந்தார். பக்கத்தில் இருந்த பெண்மணி, அடுத்த கூட்டத்துக்குள் எழுதிக் கொண்டுவருகிறோம் என்றாள். கொண்டுவருவார்களா என்று தெரியாது. போய்க் கேட்பேன்.

அண்ணி, உங்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. சில நாள் இருந்தது, இப்போது தேடினால் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு உறை எங்கிருந்து எங்கே போகும் என்று எனக்கு இனி நிச்சயம் வராது. நீங்கள் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் வராது. அதனால் இது கடைசிக் கடிதம். இதையும் இந்த ஊரில் போடவில்லை. லாரியில் சரக்கு கொண்டுபோகிற ஒருவர் போகிற வழியில் எங்கேயாவது போடுவார். முத்திரையைப் பார்த்து எந்த ஊர் என்று யோசிக்காதீர்கள்.

பாவாடைத் துணியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவள் வளர்ந்துவிட்டாள், அளவு சரியாக இருக்காது.

அப்பாவைப் பற்றி இப்போது கேட்பதில்லை. உங்களைத்தான் கேட்கிறாள். நேற்று தலை பின்னும்போது கேட்டாள், "அத்தை ஏம்மா நம்ம வீட்டுக்கு வரவே மாட்டேங்கிறாங்க?" என்று. நிறையப் பொய் சொல்லியாயிற்று, இதற்கும் ஒன்று சொல்ல மனம் வரவில்லை. "அத்தைக்கு நம்ம வீடு எங்க இருக்குன்னு தெரியாதும்மா" என்றேன்.

என் பக்கம் திரும்பி, "அவ்வளவுதானே? சொல்லிடலாமே" என்றாள்.